பக்கத்தில் நின்றவள்

ஜூன் 7, வெள்ளி

பல்லாவரம் சந்தை. வெயில் மண்டையைப் பிளந்தது. ரூபன் ஓடாத ஃபிலிம் கேமரா ஒன்றை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். "படம் எடுக்குமாடா?" என்றேன். "எடுக்காது. ஆனா எடுக்குற மாதிரி இருப்பேன்ல" என்றான். ஷாஹினா தன் கடைக்குப் பூவிதழ் மாதிரி விளிம்பு வைத்த கண்ணாடி விளக்கு ஒன்றைப் பிடித்தாள்.

புரசைவாக்கத்தில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் 'ரேடியோ ரூம்' என்று காபிக் கடை நடத்துகிறாள் ஷாஹினா. சிவப்பு சிமெண்டுத் தரை, வால்வு ரேடியோ, ரூபன் போடும் இசைத்தட்டுகள். மாடி அறை எனக்கு. அதில்தான் தூங்குகிறேன், வரைகிறேன். நாங்கள் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன சென்னையில் நாங்கள் மூவரும் குடியிருப்பதாக ரூபன் எல்லோரிடமும் சொல்வான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

எனக்கு வழக்கம்போல் காஜா பாய் கடை. ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ஸ்டூடியோ படங்கள். எல்லாம் யார் வீட்டிலோ இருந்து வந்தவை. அதில் ஒன்று என்னைப் பார்த்துக் கைதட்டிக் கூப்பிட்டது: ஏரி வரைந்த திரைக்கு முன்னால், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்திருக்கிறாள். தலையில் அந்தக் காலத்துத் தூக்கிய கொண்டை.

ரயிலில் வரும்போது அம்மா போன். தாம்பரம் பையன் ஜாதகம் பொருந்தியிருக்கிறதாம். "ஒரு தடவை பேசித்தான் பாரேன்" என்றாள். மடியில் டப்பா. டப்பாவுக்குள் போனோடு அந்தப் பெண். சிரித்துவிட்டேன். தலைப்பு கிடைத்துவிட்டது.

ஜூன் 9, ஞாயிறு

காலை முதல் வேலை. எல்லோரும் ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் வண்ணம் போடுகிறார்கள். நான் அசல் படத்தின்மேலேயே ஆயில் வண்ணத்தைப் பஞ்சால் தேய்ப்பவள். தப்பினால் தப்பியதுதான், அந்தப் பயம் கையில் இருந்தால்தான் படம் வரும் என்று கல்லூரியில் சொல்லித் திரிந்தேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

புடவைக்குக் கிளிப்பச்சை. நாற்காலிக்கு மெரூன். வலது ஓரம் இடைஞ்சலாக இருந்தது, வெட்டினேன். இப்போதுதான் படம் மூச்சு விடுகிறது. தலைக்குமேல் பழைய சினிமா விளம்பர எழுத்தில்: "ஹலோ, மாப்பிள்ளை இருக்காரா?"

துணி துவைக்கவில்லை. நாளைக்கு.

ஜூன் 15, சனி

படத்தைப் பெரிதாக அச்சிட்டு ரேடியோ ரூமின் நடுச்சுவரில் ஒட்டியிருக்கிறாள் ஷாஹினா. பக்கத்தில் ஒரு சுழற்று டயல் போனும் ஒரு நாற்காலியும். வருகிறவர்கள் கறுப்புக் கண்ணாடி மாட்டி, போனைக் காதில் வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். வரிசை வாசல்வரை.

ஒரு பெண் என் கையைப் பிடித்து, "எங்கம்மா தொல்லைக்கு இதைவிட நல்ல பதில் இல்லக்கா" என்றாள். அதுதான் நான் நினைத்தது. இது கேலி இல்லை, எங்கள் எல்லோருக்குமான பதில்.

ஜூன் 22, சனி

ரூபன் அதை வாட்ஸப் ஸ்டிக்கராக்கி விட்டான். என் அக்கா கணவரிடமிருந்து எனக்கே வந்தது, நான் செய்தது என்று தெரியாமல்.

ஒரு பத்திரிகையின் ஞாயிறு இணைப்புக்காக வந்து எங்களைப் படம் எடுத்தார்கள். 'பழமையில் வாழும் இளம் சென்னை' என்று கட்டுரை. நான் பெல்பாட்டமும் பெரிய காலர் சட்டையும். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "மறக்கப்பட்ட முகங்களை மீட்டெடுக்கிறேன்" என்றேன். நிருபர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

ஜூன் 30, ஞாயிறு

கட்டுரை வந்துவிட்டது. அரைப்பக்கம். நான், பின்னால் சுவரில் அவள். அம்மா இரண்டு பிரதி வாங்கினாளாம். தாம்பரம் பற்றிப் பேசவில்லை.

ஜூலை 3, புதன்

மதியம் கூட்டம் இல்லாத நேரம். வெளிர்நீலப் புடவை, கையில் குடை, அறுபத்தைந்துக்கு மேலிருக்கும் ஓர் அம்மா வந்து சுவருக்கு நேர் எதிரில் உட்கார்ந்தார். டீ கேட்டார். எங்களிடம் காபி மட்டும்தான். சரி என்றார். காபி ஆறும்வரை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஷாஹினாவிடம், "இதைப் பண்ணின பொண்ணு யாரு?" என்று கேட்டிருக்கிறார். நான் இறங்கி வந்தேன்.

"அது நான்" என்றார்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். கையைப் பிடித்துக்கொண்டேன். ரூபன் செல்போனை எடுத்து நிமிர்த்தினான். அவர் கையை விடுவித்துக்கொண்டு, "வேணாம் தம்பி" என்றார்.

பெயர் மனோன்மணி. பெரம்பூரில் அண்ணன் மகளோடு இருக்கிறார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"எங்க குடும்ப குரூப்புல அண்ணன் பேத்தி இதை அனுப்பினா. நான்னு தெரியாமதான் அனுப்பினா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன். அப்புறம்தான் உத்துப் பாத்தேன்."

"ஆன்ட்டி, இது உங்களைக் கிண்டல் பண்றதுக்காக இல்ல..."

"நான் மாப்பிள்ளைக்கு போன் பண்ணலம்மா. எனக்கு வேலை கன்ஃபர்ம் ஆன அன்னைக்கு எடுத்தது அது. எனக்கும் ரோஸ்லினுக்கும் ஒரே நாள்ல ஆச்சு. ஷிப்ட் முடிஞ்சு நேரா ஸ்டூடியோ போனோம். அந்தக் கண்ணாடி அவளோடது. போட்டோக்காரர் பூச்சாடியக் குடுத்தார். அவதான் அதை ஒதுக்கிட்டு போனைக் கேட்டு வாங்கினா. நமக்குச் சோறு போடுறது இதுதான மணின்னா."

அந்த எழுத்தை எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். எடுத்துவிடுகிறோம் என்றாள் ஷாஹினா. அசல் படம் இருக்கிறதா, திருப்பிக் கிடைக்குமா என்று கேட்டார். அண்ணன் வீட்டை விற்றபோது அவருடைய ஆல்பமும் பழைய சாமானோடு போய்விட்டதாம். இன்னொரு நாள் கட்டாயம் தருகிறேன் என்றேன்.

அப்போதுதான் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போனார். படத்தின் வலது ஓரத்தைக் கையால் தடவினார்.

"பக்கத்துல நின்ன பொண்ணு எங்கம்மா? ரோஸ்லின் எங்க?"

ஷாஹினா என்னைப் பார்த்தாள்.

"நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு ஆன்ட்டி. பாதியா வெட்டின படம்."

"வெட்டினதா?"

"ஆமா. கடைக்காரங்க சமயத்துல வெட்டிடுவாங்க. டப்பாவுல அடங்கணும்ல."

ரோஸ்லினுக்கு வேறு படம் இல்லையாம். மூளைக் காய்ச்சலில் சின்ன வயதிலேயே போய்விட்டார். ஆங்கிலோ இந்தியக் குடும்பம், அதற்குப்பிறகு எல்லோரும் ஆஸ்திரேலியா கிளம்பிவிட்டார்கள். "எந்தக் கடைம்மா?" என்று கேட்டார். சொன்னேன். காபிக்கு எவ்வளவு என்று பையைத் திறந்தார். ஷாஹினா வேண்டாம் என்றாள்.

படம் எனக்கு வந்தபோது எப்படி இருந்தது என்பதையெல்லாம் யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எத்தனை படம் வாங்குகிறேன்.

ஜூலை 4, வியாழன்

பிரஷ்களைக் கழுவினேன். துணி துவைத்தேன். மழை வரும்போல் இருந்து வரவில்லை.

ஜூலை 6, சனி

இன்று இசைத்தட்டு மாலை. அழைப்பிதழிலேயே அந்தப் படம்தான் என்பதால், சுவரில் இருப்பதை அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. நான் எதுவும் சொல்லவில்லை. நிறையப் பேர் வந்தார்கள். போனைக் காதில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவன் அதே வாசகத்தை மூக்கால் பேசிக் காட்டினான். எல்லோரும் சிரித்தபோது எனக்கும் வாய் அப்படிப் போயிற்று.

தலைவலி என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

பல்லாவரம் போகாமல் இருந்திருக்கலாம்.

காஜா பாய் கடையில், தார்ப்பாய்க்கு வெளியே, வெயிலில், ஒரு செங்கல்லின்மேல் மனோன்மணி உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் குடை, இன்னொரு கையால் படக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தார். புடவை முந்தானையில் மூக்கைப் பொத்தி, தும்மி, மறுபடி கிளறினார். திரும்பிவிடலாம் என்று நினைப்பதற்குள் காஜா பாய் என்னைப் பார்த்துவிட்டார்.

"வாம்மா. நீயே சொல்லு. போன வாரமும் வந்தாங்க, இந்த வாரமும் வந்திருக்காங்க. நான் படத்தை வெட்டினேன்னு யாரோ சொல்லியிருக்காங்களாம். நான் எதுக்கும்மா வெட்டப்போறேன். ரெண்டு ஆள் இருந்தா ரெண்டு ஆளாத்தான குடுப்பேன்."

மனோன்மணி நிமிர்ந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. அதை எழுதும்போது கை கூசுகிறது.

"நீயா. பாரும்மா, இவரு, தான் வெட்டலேன்னு சத்தியம் பண்றாரு. இவருக்கு முந்தி யாரு கையில இருந்துச்சோ. அந்தப் பாதி தனியா வந்து இதுக்குள்ள கிடந்தாலும் கிடக்கும்ல?"

"கிடக்கலாம் ஆன்ட்டி" என்றேன்.

பிறகு நான் செய்ததை எப்படி எழுதுவது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நானும் தேடினேன். இல்லாத ஒன்றை, இல்லை என்று தெரிந்தே, ஒவ்வொரு படமாக எடுத்துப் பார்த்து வைத்தேன். அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். குடித்தேன். "வெயில்ல உனக்கு எதுக்கும்மா கஷ்டம்" என்றார். காஜா பாய் வேறொருவரிடம் பேரம் பேசிக்கொண்டே இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அவரை ரயிலேற்றிவிட்டேன். அடுத்த வெள்ளியும் வருவாராம்.

ஜூலை 14, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

வலது ஓரத்தில் இருந்தது ஒரு பெண். நின்றுகொண்டிருந்தாள். அவள் கை நாற்காலியின் முதுகில் இருந்தது. ஒரு ஆள் போதும், இரண்டு பேர் இருந்தால் நகைச்சுவை சிதறும் என்று தோன்றியது. கட்டர் பிளேடால் இழுத்தேன். ஒரே கோடு. துண்டை மேசைக்குக் கீழே தள்ளினேன். மறுநாள் வண்ணம் துடைத்த பஞ்சோடும் பேப்பரோடும் கூட்டி, குப்பை வண்டியில் கொட்டினேன்.

வெட்டியபிறகும் நாற்காலி முதுகில் நான்கு விரல்கள் மிச்சம் இருந்தன. அதன்மேல் மெரூன் பூசினேன்.

இன்று மேசையை நகர்த்தி, கட்டிலுக்கடியில், அலமாரிக்குப் பின்னால் எல்லாம் தேடினேன். இருக்காது என்று தெரியும்.

கீழே போய் இருவரிடமும் சொன்னேன். ரூபன், "இப்பப் போய் சொல்லி என்ன ஆகப்போகுது? அவங்களுக்கு ஒரு நல்ல பிரிண்ட் போட்டு ஃப்ரேம் பண்ணிக் குடு, விடு" என்றான். ஷாஹினா டம்ளர் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அன்னைக்கு நீ சொல்றப்பவே எனக்குத் தெரியும். நீ வெட்டிக்கிட்டிருந்தப்போ நான் மேல வந்தேன், ஞாபகம் இல்லையா? ஸ்கேல் கேட்டியே" என்றாள்.

"அப்ப ஏன்டி சொல்லல?"

"அந்தப் படத்தாலதான கடை ஓடிட்டு இருந்துச்சு" என்றாள். அதற்குமேல் அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

ஜூலை 15, திங்கள்

ஷாஹினா ஆளைக் கூப்பிட்டுச் சுவர்ப் படத்தைச் சுரண்டி எடுத்தாள். ஒரு வாடிக்கையாளர், "ஐயோ, ஏன் எடுக்குறீங்க" என்றார். ரூபன் ஸ்டிக்கரை அழிக்க முயன்றான். அது இப்போது யார் கையிலும் இல்லை, எல்லோர் கையிலும் இருக்கிறது.

ஜூலை 17, புதன்

பஞ்சில் டர்பெண்டைன் தொட்டு நாற்காலி முதுகைத் துடைத்தேன். மெதுவாக. மேலே எழுதிய வாசகம் போகவில்லை, அது வேறு மை; அந்தப் பகுதி பாழ்தான். ஆனால் மெரூன் கரைந்தது. விரல்கள் வந்தன. சுண்டு விரலில் மெல்லிய மோதிரம். நகம் நீளமாக, சீராக வெட்டியிருக்கிறது. ஒருத்தி அன்றைக்குப் படமெடுக்கப் போகிறோம் என்று நகத்தைச் சீர்செய்துகொண்டு வந்திருக்கிறாள்.

சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூலை 19, வெள்ளி

காலையிலேயே போய்விட்டேன். முதலில் காஜா பாயிடம் சொன்னேன். அவர் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டே கேட்டார். "சரி, அவங்ககிட்ட சொல்லு. நான் வெட்டலேங்கிறதையும் சேத்துச் சொல்லு" என்றார். அவ்வளவுதான்.

மனோன்மணி குடையோடு வந்தார். செங்கல்லைத் துடைத்து உட்காரப் போனார். "ஆன்ட்டி, தேட வேணாம்" என்றேன். ரயிலில் ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. கவரிலிருந்து படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"நான்தான் வெட்டினேன். பாய் வெட்டல. அன்னைக்கு நான் சொன்னது பொய். அந்தப் பாதியைக் குப்பையில போட்டுட்டேன். இந்த விரல் அவங்களுதுதான். இதுமேலயும் பெயிண்ட் அடிச்சிருந்தேன்."

அவர் படத்தை வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தார். கட்டைவிரலால் அந்த விரல்களைத் தொட்டார். அதன்பின் படத்தைத் திருப்பி, வெட்டிய விளிம்பைப் பார்த்தார். நேர்த்தியான வெட்டு. என் கை நடுங்காமல் வெட்டியது.

"போன வாரம் என்கூட உக்காந்து தேடினியே" என்றார்.

"ஆமா."

"தண்ணி குடுத்தேன்."

"ஆமா ஆன்ட்டி."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நின்று வாங்கியிருப்பேன். அவர் வேறொன்று கேட்டார்.

"உன் கையில இருந்துச்சே அது. நீதான் கடைசியாப் பாத்தவ. அவ முகம் எப்படி இருந்துச்சு?"

காலியான கவரை மடித்தேன்.

"எனக்குக் கொஞ்ச வருஷமா கலையுதும்மா. கண்ணை மூடினா அந்தப் பூப்போட்ட கவுன் வருது. குரல் வருது, நம்பர் ப்ளீஸ்னு சொல்ற குரல். முகம் மட்டும் வரமாட்டேங்குது. ஆல்பம் காணாமப் போனதுலேருந்து ரொம்ப மோசம். பாத்தா வந்துடும்னுதான் இங்க வந்து உக்காந்தேன். நீ படம் வரையற பொண்ணு. உனக்கு நிக்கும்ல மனசுல. சொல்லு."

நினைத்துப் பார்த்தேன். உண்மையாகவே முயன்றேன். ஏரித் திரை வந்தது. நாற்காலி வந்தது. ஓரத்தில் ஒரு வெளிர் உருவம், இடைஞ்சல் என்று நான் பெயர் வைத்தது. அவ்வளவுதான்.

"சிரிச்சுட்டு இருந்தாங்க" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் சட்டென்று நிமிர்ந்தார். "சிரிச்சாளா? முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து இருக்குமே, தெரிஞ்சுதா? அதை மறைக்கத்தான் வாயைத் திறக்கவே மாட்டா போட்டோவுல. அன்னைக்குச் சிரிச்சுட்டாளா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் அந்த முகத்தோடு அவர் வீட்டுக்குப் போயிருப்பார். அதுவும் நான் செய்த முகமாக இருந்திருக்கும்.

"இல்ல ஆன்ட்டி. நான் பாக்கல. வெட்டும்போது அவங்க முகத்தை நான் பாக்கவே இல்ல."

குடையை ஊன்றி எழுந்தார். படத்தைக் கைப்பையில் வைத்தார். காஜா பாயிடம் போய், "உங்களைத் தப்பாப் பேசிட்டேன் தம்பி" என்றார். பாய் பதறிப்போய், "பரவால்லம்மா, பரவால்ல" என்றார். என் பங்குக்கும் சேர்த்து மனோன்மணி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பதை நின்று பார்த்தேன். பின்னாலேயே ஸ்டேஷன்வரை போனேன். படியேறுமுன் திரும்பினார்.

"நீ வராத" என்றார்.

ஜூலை 21, ஞாயிறு

பத்திரிகையில் வந்த பக்கத்தை அம்மா கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாள். கழற்றச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன். கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு, "உன் போட்டோவ யாராவது அப்படிப் பண்ணா நான் சும்மா விடுவேனா" என்றாள். நான் கிளம்பும்போதும் அது ஹாலில்தான் இருந்தது. ஆணியிலிருந்து இறக்கிச் சுவரோரமாகத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 24, புதன்

மேசையில் மீதி டப்பாப் படங்கள். ஒன்றிலும் கை வைக்க முடியவில்லை.

ஜூலை 26, வெள்ளி

எதுவும் வாங்கப் போகவில்லை. டப்பாவை மீதிப் படங்களோடு காஜா பாயிடமே கொடுத்துவிடலாம், தேடி வருகிறவர்கள் கண்ணில் பட்டாலும் படும் என்று எடுத்துக்கொண்டு போனேன்.

மனோன்மணி இருந்தார். அதே இடம். இந்த முறை மடியில் ஒரு பழைய ஆல்பம், பக்கத்தில் இன்னும் இரண்டு. ஒவ்வொரு பக்கமாகப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் தள்ளியே நின்றேன். என் நிழல் ஆல்பத்தின்மேல் விழுந்திருக்க வேண்டும்.

"நான் உன்னைக் கூப்பிடலையே" என்றார், தலையைத் தூக்காமல்.

"இந்த டப்பாவைக் குடுக்க வந்தேன். உங்க படம் இருந்த டப்பா. போயிடறேன்."

டப்பாவை காஜா பாயிடம் வைத்தேன். போகாமல் நின்றேன்.

"ஆன்ட்டி, அது கிடைக்காது. நான்..."

"தெரியும். குப்பையில போட்டத இங்க தேட நான் என்ன பைத்தியமா?" பக்கத்தைப் புரட்டினார். "எக்ஸ்சேஞ்சுல எத்தனை பேருக்குக் கல்யாணம் ஆச்சு. எல்லாத்துக்கும் அவ வந்தா. யார் ஆல்பத்துலயாவது இருப்பா. அவங்க பிள்ளைங்க ஃபாரின் போறப்போ இங்கதான வந்து கொட்டுவாங்க."

அவர் பார்த்துக்கொண்டிருந்தது யாருடையதோ கல்யாண ஆல்பம். மாலையும் கழுத்துமாக இருவர், சுற்றிலும் முப்பது நாற்பது பேர். அத்தனை முகம்.

"அவங்க எப்படி இருப்பாங்கன்னு சொன்னா நானும் பாப்பேன்" என்றேன்.

வியாபாரச் சத்தம். யாரோ மிக்ஸி ஓட்டிப் பார்த்தார்கள். காஜா பாய் தார்ப்பாய்க் கயிற்றை இன்னொரு கம்பத்துக்கு மாற்றிக் கட்டினார்; நிழல் மனோன்மணியின் மேலும், கொஞ்சம் என் மேலும் விழுந்தது.

"உசரம்" என்றார் கடைசியில். "என்னைவிட ஒரு தலை உசரம். அதனால கூனிதான் நிப்பா. நெத்தி அகலம். புருவம் கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது, பென்சில்ல வரைஞ்சுப்பா. கழுத்துல சிலுவை." நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார். "இடது கன்னத்துலயா, வலதுலயா, குழி விழும். பேசறப்போ விழும். சிரிக்கவே வேணாம்."

பக்கத்திலிருந்த ஆல்பம் ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"முன் வரிசையெல்லாம் பாக்காத. அவ எப்பவும் பின்னாடிதான் நிப்பா."